கோட்டை பிடித்தலும் கோயில் காத்தலும்

(உடுமலைப்பேட்டையில் நடைபெற்ற மகா கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





யாகசாலையிலே வேத கோஷமும் திருமுறை ஓதலும் ஒருங்கே ஒலிக்கின்ற இந்த நன்னாளில், கோட்டையையும் படைவீரரையும் பற்றி இவன் பேச வந்தது ஏன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம் நாட்டிலே கோயிலின் வரலாறும் கோட்டையின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ‘கோயில்’ என்ற சொல்லே அரசன் வாழும் இல்லத்தையும் ஆண்டவன் உறையும் இல்லத்தையும் ஒருசேரக் குறித்த சொல். மதிலும் வாயிலும் காவலும் இரண்டுக்கும் பொது. ஆயினும் இரண்டையும் காக்கும் முறையிலே பெரியதொரு வேற்றுமை இருக்கிறது. அந்த வேற்றுமையை உணர்ந்தால், இன்று கலசத்தில் நீர் சொரிந்ததோடு நம் கடமை முடிந்துவிட்டதா, அன்றித் தொடங்கியிருக்கிறதா என்பது விளங்கும். அதனை விளக்குவதற்கு ஒரு கோட்டையின் கதையையும், அக்கோட்டைக்குள்ளே இருக்கிற ஒரு கோயிலின் கதையையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் நம் நாட்டுச் செய்தியிலிருந்து தொடங்குவோம். 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்திலே திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, இந்தக் கொங்கு நாடு கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்தது. நிலவரியும் அதிகாரமும் கைமாறின; ஆனால் மக்கள் மனம் கைமாறவில்லை. 1800ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3ஆம் நாள், கோவையிலிருந்த கும்பினிப் படையின்மீது கிளர்ச்சியாளர் பாய்ந்தனர். முயற்சி தோற்றது; நாற்பதுக்கு மேற்பட்டோர் பல ஊர்களில் தூக்கிலிடப்பட்டனர். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801இலே தூக்குமேடை ஏறினார். நமக்கு அண்மையிலுள்ள தளிப் பாளையப்பட்டின் எத்தலப்பர் பெயரை இந்த வட்டாரத்தில் அறியாதார் இல்லை. 1805ஆம் ஆண்டு ஆடிப் பதினெட்டாம் நாள், காவிரிக்கரை எங்கும் மக்கள் பெருக்கு விழாக் கொண்டாடும் அந்த நாளிலே, தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

சங்ககிரி மலைக்கோட்டையின் உச்சியிலே சென்னகேசவப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். கும்பினியின் காவற்படை கோட்டை வாயில்களிலே நின்ற காலத்தும் பெருமாள் அங்கேதான் நின்றார். இன்று அந்தக் காவற்படை இல்லை, பெருமாள் இருக்கிறார். சித்திரைத் தேர்த்திருவிழாவும் நடக்கிறது. இந்த ஒரு காட்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கொங்கு நாட்டிலிருந்து வடகிழக்கே பாலாற்றங்கரைக்கு என்னோடு வாருங்கள்.

சின்னமலை மறைந்து ஓராண்டு நிரம்புவதற்கு முன்பே, 1806ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆம் நாள், கும்பினியின் சொந்தச் சிப்பாய்களே வேலூர்க் கோட்டையைப் பிடித்தார்கள். கொங்கு நாட்டுப் பாளையங்களில் மூண்ட தீ வெளியிலிருந்து எரிந்த தீ. வேலூரில் மூண்டதோ கும்பினியின் வீட்டுக்குள்ளேயே எரிந்த தீ.

வேலூர்க் கோட்டை விசயநகரப் பேரரசின் காலத்திலே, பதினாறாம் நூற்றாண்டில், சின்ன பொம்மு நாயக்கர் முதலியோரால் கட்டப்பட்டது. கருங்கல் மதில், அதனைச் சுற்றி ஆழ்ந்து அகன்ற அகழி, அகழியிலே எந்நாளும் நீர். உள்ளே அதே காலத்தில் எழுந்தது ஜலகண்டேசுவரர் திருக்கோயில். நீர் சூழ உறைகின்ற பெருமான் என்பது பற்றி அப்பெயர் வழங்குகிறது. ஓங்கிய கோபுரம், உள்ளே நுழைந்ததும் ஒரு கலியாண மண்டபம். அம்மண்டபத்துத் தூண்களிலே யாளிகளும் குதிரை வீரர்களும் பாய்ந்து வருகின்ற தோற்றத்தைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இவ்வளவு நுட்பமான வேலையைக் கல்லிலே செய்தவர்கள், இது என்றென்றும் பூசை நடக்கும் இடம் என்று நம்பியே செய்திருப்பார்கள்.

ஆனால் நிகழ்ந்தது வேறு. பதினேழாம் நூற்றாண்டில் பீசப்பூர்ப் படை அக்கோட்டையைப் பிடித்தது. 1678இல் மராட்டியர் நீண்ட முற்றுகையிட்டுப் பிடித்தனர். அதன்பின் மொகலாயர்; பின்னர் ஆர்க்காட்டு நவாபு; பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கும்பினியார். எத்தனை கொடிகள் அம்மதிலிலே ஏறி இறங்கின! ஒவ்வொரு கொடியும் ஏறும்போது, இதுவே இறுதிக் கொடி என்றுதான் ஏற்றியவர் எண்ணியிருப்பர். இந்தக் குழப்பங்களின் இடையே கருவறைச் சிவலிங்கம் கோட்டையினின்றும் வெளியே எடுத்துச் செல்லப்பட்டு, அருகிலுள்ள சத்துவாச்சாரியிலே ஒரு பிள்ளையார் கோயிலில் வைத்துக் காக்கப்பட்டது என்பது அவ்வூர் மரபு. கோபுரம் நின்றது; மண்டபம் நின்றது; தெய்வத் திருமேனி மட்டும் அங்கே இல்லை. பூசையும் நின்றது. படைகள் வருவதும் போவதுமாக இருந்த கோட்டையில், கோயில் ஆயுதங்கள் அடுக்கி வைக்கும் கிடங்காயிற்று.

இந்த நிலையிலேதான் 1806ஆம் ஆண்டு பிறந்தது.

அப்போது கோட்டையில் இருந்தவர்கள் யாவர்? இங்கிலாந்திலிருந்து வந்த 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 370 வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு புறம். சென்னைப் படையைச் சேர்ந்த ஏறத்தாழ 1,500 இந்தியச் சிப்பாய்கள் மறு புறம். இவர்களேயன்றி, சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் சிறைப்பட்ட திப்புவின் பிள்ளைகளும் குடும்பத்தாரும் கோட்டைக்குள்ளிருந்த மாளிகைகளிலே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். இந்தியச் சிப்பாய்களுள் இந்துக்களும் இருந்தனர், முகம்மதியரும் இருந்தனர்.

அவர்களுடைய உள்ளத்தைப் புண்படுத்தியது எது? கூலிக் குறைவு மட்டுமன்று. கடுமையான வேலை மட்டுமன்று. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்திலே படையின் தோற்றத்தைச் சீர்ப்படுத்துவது என்ற பெயரால் புதிய கட்டளைகள் பிறந்தன. 1805ஆம் ஆண்டு இறுதியில் புதுவகைத் தலைப்பாகை ஒன்று வகுக்கப்பட்டது. அதிலே தோலால் ஆகிய அணி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. தொப்பி போன்ற அதனை அணிவது தம்மை மதம் மாற்றுவதற்கு முதற்படி என்று சிப்பாய்கள் அஞ்சினர். அதன்மேல், படை உடை தரித்து நிற்கும்போது நெற்றியிலே சமயக் குறி இடலாகாது. காதிலே கடுக்கன் அணியலாகாது. தாடியை மழித்துவிட வேண்டும் என்றும் விதித்தார்கள். இந்துவுக்கு நெற்றிக்குறி போயிற்று. முகம்மதியனுக்குத் தாடி போயிற்று. ஒரே கட்டளை இருவர் நெஞ்சையும் ஒருசேரச் சுட்டது.

அன்பர்களே! ஒரு சிட்டிகைத் திருநீறு. அதற்காகவா இவ்வளவு பெரிய கலகம் என்று கேட்பவர்கள் உண்டு. ஏனாதிநாத நாயனாரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அவர் படைக்கலம் பயிற்றுவித்தவர். வாளெடுத்தால் எதிர்நிற்பார் இல்லாதவர். பகைவனாகிய அதிசூரன் போருக்கு அழைத்தபோது அஞ்சாது சென்றார். கேடகத்தால் மறைத்திருந்த அவன் முகம் வெளிப்பட்டபோது, நெற்றியிலே வெண்ணீறு விளங்கக் கண்டார். அந்தக் கணமே அவருடைய வாள் தன் வேலையை நிறுத்திற்று. பகைவன் நெற்றியில் இருந்தாலும் நீறு நீறே என்று கொண்டு, உயிரையே கொடுத்தார். மெய்ப்பொருள் நாயனாரும் அவ்வாறே. போர்க்களத்திலும் திருநீற்றை மதித்த படைவீரர் மரபு நம்முடையது. அந்த மரபிலே வந்தவன் நெற்றியை, ‘அணிவகுப்பின் அழகு’ என்று சொல்லித் துடைக்கச் சொன்னால், அவன் உள்ளம் கொதிக்காமல் இருக்குமா? வயிற்றுக்காகக் கும்பினியின் துப்பாக்கியைச் சுமந்தவன், நெற்றியையும் கும்பினிக்கு விற்றுவிடவில்லை.

1806ஆம் ஆண்டு மே மாதத்திலே வேலூரிலிருந்த ஒரு பட்டாளம் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தது. அவில்தார் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. மற்றும் பலருக்கு 500 கசையடி விதித்து, மன்னிப்புக் கேட்டதன்பேரில் விடுத்தனர். பட்டாளம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. அடித்து அடக்கிவிட்டோம் என்று அதிகாரிகள் எண்ணினர். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய், கலகம் வரப்போகிறது என்று தன் மேலதிகாரியிடம் முன்னறிவித்தான். அவன் சொல்லை நம்பாததோடு, அவனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று அடைத்தும் வைத்தார்கள்.

ஜூலை 9ஆம் நாள் கோட்டைக்குள்ளே திப்புவின் மகள் ஒருத்தியின் திருமணம். அன்றிரவு சிப்பாய்கள் பலர் கோட்டையிலேயே தங்கினர். விடியற்காலம் இரண்டு மூன்று மணியளவில் துப்பாக்கிகள் முழங்கின. படைவீட்டிலே உறங்கிக்கொண்டிருந்த வெள்ளையர்மீது சன்னல்களின் வழியே குண்டுகள் பாய்ந்தன. கோட்டைத் தலைவர் கர்னல் பான்கோர்ட் வெளியே வந்தபோது சுடப்பட்டு மாண்டார். அதிகாரிகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளையர் இறந்தனர். பொழுது விடியும்போது, கும்பினியின் கொடி இறங்கித் திப்புவின் புலிக்கொடி கோட்டையிலே பறந்தது. அசைக்க முடியாதது என்று பெயர்பெற்ற கோட்டை ஒரே இரவிலே கைவசமாயிற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது. மருத்துவச் சாலையிலே நோயுற்றுக் கிடந்தவர்களையும் அன்று கொன்றார்கள். சிப்பாய்களுடைய குறை நியாயமானது; அவர்கள் சிந்திய கண்ணீர் உண்மையானது. ஆயினும் உறங்குபவரையும் நோயாளியையும் கொல்வது தருமயுத்தம் ஆகாது. பாரதப் போரின் இறுதி இரவிலே, பாண்டவர் பாசறையுள் புகுந்து உறங்கியவர்களை மாய்த்த அசுவத்தாமனை நம் முன்னோர் வீரன் என்று போற்றவில்லை. நெற்றி மணியை இழந்து அலைந்தவன் என்றே சொல்லி வைத்தார்கள். நெற்றிக் குறியைக் காப்பதற்கு எழுந்தவர்கள், அக்குறி உணர்த்துகிற அருளையும் நினைந்திருக்க வேண்டும். இதைச் சொல்வது அவர்கள் தியாகத்தைக் குறைப்பதற்காக அன்று. தருமத்தை நாம் மறவாதிருப்பதற்காக.

சரி, கோட்டை கைக்கு வந்தது. அதன்பின் என்ன செய்தார்கள்?

இங்கேதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இருக்கிறது. கோட்டையைப் பிடித்த சிப்பாய்களுள் பலர் கருவூலத்தையும் வீடுகளையும் சூறையாடுவதிலே இறங்கினர். சிலர் கொள்ளையிட்டதைச் சுமந்துகொண்டு வெளியேறியும் விட்டனர். யார் எந்த வாயிலைக் காப்பது, யார் எந்தக் கொத்தளத்தில் நிற்பது என்று வகுக்கப்படவில்லை. வெளிவாயில்கள் திறந்து கிடந்தன. அகழியின் மேலிருந்த பாலம் தூக்கப்படவில்லை. அதே வேளையில், உயிர்தப்பிய வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் மதிலின் ஒரு பகுதியில் ஏறிக் கூடிக்கொண்டார்கள். அவர்களிடம் குண்டும் மருந்தும் தீர்ந்துவிட்டன. ஆனாலும் ‘இது நம் இடம்’ என்று நின்றார்கள்; நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி, பதினாறு மைல் தொலைவில் ஆர்க்காட்டிலிருந்த படைக்குச் செய்தி அனுப்பினார். அங்கிருந்த கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்தார். முற்பகலிலே கோட்டையை அடைந்தார். வெளிவாயில்களில் அவரைத் தடுப்பார் இல்லை. மதில்மேல் நின்ற வெள்ளையர் கயிறு விட, அதைப் பற்றி ஏறி உள்ளே சென்றார். பின்தொடர்ந்து வந்த பீரங்கிகள் உள்வாயிற் கதவைப் பிளந்தன. குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. இரவிலே பிடித்த கோட்டை, நண்பகலுக்கு முன்பே கையைவிட்டுப் போயிற்று. ஏழெட்டு மணி நேர ஆட்சி, அவ்வளவுதான்.

அதன்பின் நிகழ்ந்த பழிவாங்கலும் கொடியது. மாளிகைக்குள் ஒளிந்திருந்த நூறு சிப்பாய்கள் அளவில் வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று மாண்ட சிப்பாய்களின் தொகையைச் சிலர் 350 என்றும், சிலர் 800 என்றும் எழுதியிருக்கிறார்கள். விசாரணைக்குப் பின்னர் அறுவர் பீரங்கி வாயிலே கட்டிச் சிதறடிக்கப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், எண்மர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் நாடு கடத்தப்பட்டனர். கலகத்தில் ஈடுபட்ட பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

ஆயினும் அவர்கள் சிந்திய குருதி வீணாகவில்லை. தலைப்பாகைக் கட்டளையும் நெற்றிக்குறித் தடையும் திரும்பப் பெறப்பட்டன. சென்னைக் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் 1807இலே பதவியினின்றும் திரும்ப அழைக்கப்பட்டனர். கோட்டையைச் சிப்பாய்களால் காக்க முடியவில்லை. ஆனால் நெற்றித் திருநீற்றைக் காத்துவிட்டார்கள். 1857ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்கு ஐம்பத்தோராண்டு முன்னரே தென்னாட்டிலே நிகழ்ந்த இந்த எழுச்சியின் நினைவாக 1998இலே வேலூரில் ஒரு தூண் எழுப்பப்பட்டது. 2006இல் இந்திய அரசு அஞ்சல்தலையும் வெளியிட்டது.

இனி, கோட்டைக்குள்ளே இருந்த கோயிலை நோக்குவோம்.

இத்தனை நிகழ்ச்சிகளையும் ஜலகண்டேசுவரர் கோபுரம் பார்த்துக்கொண்டு நின்றது. கும்பினியாட்சி மேலும் வலுத்தது. 1815இலே கண்டி அரசு வீழ்ந்தபின், அதன் கடைசி மன்னராகிய சிறீ விக்கிரம ராஜசிங்கர் சிறைப்பட்டு, இதே கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார். 1832இலே இங்கேயே உயிர்நீத்தார். 1846இலே கோட்டைக்குள் கிறித்தவர்களுக்கு ஒரு தேவாலயம் எழுந்தது. அதில் மணி ஒலித்தது. ஆனால் ஜலகண்டேசுவரர் கோயிலிலோ மணியோசை இல்லை. கருவறை வெறுமையாய்க் கிடந்தது. கலியாண மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல முயன்றார்கள் என்றும், அது கைகூடவில்லை என்றும் ஒரு செவிவழிச் செய்தி வேலூரில் வழங்குகிறது. பின்னர்த் தொல்பொருள் துறை கோயிலைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாகக் கொண்டது. சிற்பம் காண வருவோர் வந்தனர். கும்பிட வருவோருக்குக் கும்பிடுவதற்கு அங்கே திருமேனி இல்லை. 1947இலே நாடு விடுதலை பெற்றது. கோட்டையிலே நம் மூவர்ணக் கொடி ஏறிற்று. அப்போதும் கருவறை வெறுமையாகவே இருந்தது.

இந்த நிலை எப்போது மாறிற்று என்று கேட்பீர்களாயின், 1981ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் நாள் மாறிற்று. சத்துவாச்சாரியிலே போற்றிக் காக்கப்பட்டு வந்த சிவலிங்கத் திருமேனியை, அன்பர்கள் ஒரு மூடிய லாரியிலே ஏற்றிக் கோட்டைக்குள் கொண்டுவந்து கருவறையில் எழுந்தருளச் செய்தனர். அன்று கோட்டைக்குள்ளே பீரங்கி முழங்கவில்லை; யாரும் யாரையும் சுடவில்லை. பல நூற்றாண்டுகள் படைகள் பிடித்தும் விட்டும் கைமாறிய இடத்திலே, சில அன்பர்கள் வெறுங்கையோடு சென்று விளக்கேற்றினார்கள். அந்த விளக்கு இன்றும் எரிகிறது. இன்று வேலூர் செல்வோர் அகழியைக் கடந்து உள்ளே போனால், மணியோசை கேட்டு, திருநீறு பெற்றுக்கொண்டு வரலாம். அதே கோட்டைக்குள் மசூதியும் இருக்கிறது, தேவாலயமும் இருக்கிறது.

அன்பர்களே! இந்த இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1806இலே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரர்கள் ஓர் இரவிலே ஒரு கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்தபின் வாயிலில் நிற்க ஆளில்லை. அரை நாளிலே இழந்தார்கள். சத்துவாச்சாரி மக்களிடம் மதிலும் இல்லை, அகழியும் இல்லை, படையும் இல்லை. அவர்கள் செய்ததெல்லாம், தலைமுறை தலைமுறையாக ஒரு திருமேனியைப் போற்றி வைத்திருந்தது ஒன்றுதான். தந்தை மகனுக்குச் சொன்னான். மகன் பேரனுக்குச் சொன்னான். ‘இது கோட்டைக்குள்ளே இருக்க வேண்டிய சுவாமி’ என்ற நினைவை அவர்கள் விடவில்லை. அந்த நினைவு பீசப்பூர்ப் படையையும், மராட்டியப் படையையும், மொகலாயரையும், நவாபையும், கும்பினியையும் கடந்து வாழ்ந்தது.

பிடிப்பதற்கு ஓர் இரவு போதும். காப்பதற்கு ஒவ்வொரு நாளும் வேண்டும்.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களை எடுத்துப் பாருங்கள். கோயில் கட்டியவர் பெயர் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். ஆனால் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு ஆடு கொடுத்தவர் பெயர்கள் எத்தனை எத்தனை! ஒரு விளக்கு இரவும் பகலும் எரிவதற்குப் பெரும்பாலும் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள். அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதி வைத்தார்கள். ஆடு சாகாமல் இருக்குமா? மூப்படையாமல் இருக்குமா? இருக்காது. ஆனால் ஓர் ஆடு இறந்தால் அதன் குட்டி அந்த இடத்துக்கு வரும், தொகை குறையாது, ஆகவே நெய்யும் குறையாது, விளக்கும் அணையாது. ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையர், அவருக்குப்பின் அவர் மகன் என்று பொறுப்பும் தொடரும். கொடுத்தவர் மறைந்த பிறகும் கொடை மறையாதிருப்பதற்கு இவ்வளவு நுட்பமாக வழி வகுத்தவர்கள் நம் முன்னோர்.

திருவொற்றியூரிலே கலிய நாயனார் நாள்தோறும் திருவிளக்கிட்டு வந்தார். செல்வம் அனைத்தும் போயிற்று. கூலிக்குச் செக்காட்டி விளக்கேற்றினார். அதுவும் கிடைக்காத நாளிலே தம் உதிரத்தையே எண்ணெயாக்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் பேசுகிறது. அவர் ஒரு கோயிலும் கட்டவில்லை. கும்பாபிஷேகம் ஒன்றும் செய்து வைக்கவில்லை. ஒரு நாள் விளக்கு அடுத்த நாளும் எரிய வேண்டும் என்று கவலைப்பட்டார். அதற்காகவே அவர் அறுபத்துமூவருள் ஒருவராய் நம் பிராகாரங்களிலே நிற்கிறார்.

உடுமலை வட்டாரத்திலே இதற்குச் சான்று வேண்டுமாயின், அமராவதிக் கரைக்குச் செல்லுங்கள். கடத்தூர், கொழுமம், சோழமாதேவி ஆகிய ஊர்களிலே பழங்கோயில்கள் இருக்கின்றன. மன்னர் பலர் வந்து போயினர்; பாளையப்பட்டுக்கள் வந்து போயின; கும்பினியும் வந்து போயிற்று. கோயில்கள் நிற்கின்றன என்றால், ஏதோ ஒரு குடும்பம், ஏதோ ஓர் அர்ச்சகர், ஏதோ ஒரு மூதாட்டி, நாள்தோறும் ஒரு விளக்கையேனும் ஏற்றி வைத்ததனால்தான். திருமூர்த்தி மலையடிவாரத்திலே அமணலிங்கேசுவரரைத் தரிசிக்க மாட்டு வண்டி கட்டிச் சென்ற நம் பாட்டன் பாட்டியர் அந்த வழக்கத்தை விடாததனாலேயே, இன்று நம் குழந்தைகளும் அங்கே செல்கிறார்கள்.

ஆகவே இவ்விழாவுக்கு வந்திருக்கும் உபயதாரர்களிடம் அடக்கத்தோடு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோபுரத்துக்கு வண்ணம் பூச நீங்கள் கொடுத்தீர்கள். கலசத்துக்குப் பொன்முலாம் கொடுத்தீர்கள். கருங்கல் தளம் போட்டீர்கள். யாகசாலைக்கும் அன்னதானத்துக்கும் அள்ளி வழங்கினீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை சிறப்பு என்றால், அடுத்த கும்பாபிஷேகம் வருகிற வரையில் உள்ள பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் என்ன ஏற்பாடு? நாலாயிரத்துக்கு மேற்பட்ட நாட்கள் அல்லவா அவை! மழை கொட்டும் ஐப்பசி மாத இரவிலே விளக்கில் எண்ணெய் இருக்குமா? பூசை செய்யும் அர்ச்சகர் குடும்பத்துக்கு வயிறு நிறையுமா? திருமுறை பாட ஓதுவார் ஒருவர் இருப்பாரா? நாதசுரக் கலைஞருக்கு விழா நாளில் மட்டும்தான் அழைப்பா? கூட்டம் கலைந்து, பந்தல் பிரித்து, வாழைமரம் வாடிய பிறகு நாள்தோறும் யார் வாயிலில் நிற்கப் போகிறார்கள் என்பதே உண்மையான கேள்வி.

அன்று வேலூரிலே வெற்றி பெற்றவர்கள் களிப்பிலே கலைந்தார்கள். வெற்றிக் களிப்பு எவ்வளவு இயல்பானதோ, அவ்வளவு ஆபத்தானது. கும்பாபிஷேகமும் ஒரு வெற்றியே. இத்திருப்பணியிலே எத்தனை தடைகள், எத்தனை கணக்குகள், எத்தனை நடைகள் என்பதைத் திருப்பணிக் குழுவினர் அறிவார்கள். அவர்கள் இன்று களிப்பதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்தக் களிப்பின் நடுவிலே ஒரு வேலை செய்ய வேண்டும். யார் எந்த நாளுக்குப் பொறுப்பு என்பதை எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒரு நாள் பூசையை ஏற்றுக்கொண்டால், முந்நூற்றறுபத்தைந்து குடும்பங்கள் போதும். ஆண்டு முழுவதும் ஒரு நாளும் விளக்கு அணையாது. நூற்பாலைகளும் காற்றாலைகளும் தென்னந்தோப்புக்களும் நிறைந்த இந்தச் செழிப்பான வட்டாரத்திலே முந்நூற்றறுபத்தைந்து குடும்பங்களுக்கா பஞ்சம்?

கட்டளை எழுதும்போது ஒன்றை மறவாதீர்கள். உங்கள் பெயரை மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்குப்பின் அதனை ஏற்க வேண்டிய பிள்ளையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சாவா மூவாப் பேராட்டின் தத்துவம் அதுதான். அந்தப் பிள்ளையை அன்றைய பூசைக்கு உடன் அழைத்து வாருங்கள். அவன் நெற்றியிலே நீங்களே திருநீறு இடுங்கள். 1806இலே அந்த வெண்ணீற்றுக்காக எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதையும், அதனை நாள்தோறும் எவ்வளவு எளிதாக நாம் இட்டுக்கொள்கிறோம் என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அதனை விடாது இட்டுக்கொள்வது அவன் கடமை என்பது அவனுக்கே விளங்கும்.

கோட்டைகள் இன்று நம் நாட்டில் காவலின்றி நிற்கின்றன. சங்ககிரி வாயில்களிலே காற்றுத்தான் நுழைகிறது. வேலூர் அகழியிலே நீர் அமைதியாகக் கிடக்கிறது. அவற்றைப் பிடிப்பதற்கு இனி எந்தப் படையும் வராது. ஆனால் கோயில்கள் எல்லாக் காலத்தும் காவல் வேண்டுபவை. அந்தக் காவலுக்கு வாளும் வேண்டா, துப்பாக்கியும் வேண்டா. கையிலே சிறிது எண்ணெயும், நெஞ்சிலே மறவாமையும் இருந்தால் போதும்.

இன்று இத்திருக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமான், அந்த மறவாமையை நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! மாதம் மும்மாரி பெய்க! அமராவதி பெருகுக! உடுமலை மக்கள் நோயற்று நீடு வாழ்க! இத்திருப்பணிக்குக் கொடுத்த கைகளெல்லாம் குறைவின்றி நிறைக!



திருச்சிற்றம்பலம்.